வரி போகுமா, இடம் மாறுமா?



இன்றைய பேச்சின் பொருள் ஒரே ஒரு கேள்வி. ஒரு நாடு வருமான வரியை அடியோடு ஒழித்துவிட்டு, கடையில் பொருள் வாங்கும்போது மட்டும் வரி வாங்கினால் என்ன ஆகும்?

படிவம் வேண்டாம். பிடித்தம் வேண்டாம். ஆடிட்டர் வேண்டாம். வரி இலாகாவின் நோட்டீஸ் வேண்டாம். சம்பாதித்தது முழுசாகக் கைக்கு வரும். செலவழித்தால் வரி, சேமித்தால் வரி இல்லை. கேட்கும்போதே இனிக்கிறது அல்லவா?

இது திண்ணைப் பேச்சு அல்ல. அமெரிக்க காங்கிரஸில் 1999-ஆம் ஆண்டு முதல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும் ஒரு மசோதா. பெயர் ஃபேர்டாக்ஸ். ஜார்ஜியா மாநிலத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் லிண்டர் முதலில் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைக் கைவிடவில்லை. 2023-லும் 2025-லும் அதே ஜார்ஜியாவின் பட்டி கார்ட்டர், எச்.ஆர். 25 என்ற எண்ணில் மறுபடியும் தாக்கல் செய்தார். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் அது முழு வாக்கெடுப்புக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் சாகவும் இல்லை.

சாகாமல் இருப்பதற்குக் காரணம் இருக்க வேண்டும். நிறைவேறாமல் இருப்பதற்கும் காரணம் இருக்க வேண்டும். இரண்டையும் பார்ப்போம். பார்க்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: சுமை போயிற்றா, இடம் மாறிற்றா?

முதலில், மசோதா என்ன சொல்கிறது? தனிநபர் வருமான வரி, கம்பெனி வருமான வரி, சமூகப் பாதுகாப்புக்கும், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் பிடிக்கும் வரி, சொத்து வாரிசுக்குப் போகும்போது விதிக்கும் வரி, பரிசு வரி எல்லாவற்றையும் எடுத்துவிடு. அவற்றுக்குப் பதில், புதிதாக விற்கப்படும் பொருள், சேவை அனைத்தின் மேலும் ஒரே ஒரு தேசிய விற்பனை வரி போடு. விகிதம் 23 சதவீதம். பழைய கார், பழைய வீடு போன்றவற்றுக்கு வரி இல்லை. ஒரு வணிகர் தொழிலுக்காக இன்னொரு வணிகரிடம் வாங்குவதற்கு வரி இல்லை. கல்விக் கட்டணத்துக்கு வரி இல்லை. மற்றபடி அரிசி முதல் அறுவை சிகிச்சை வரை, வீட்டு வாடகை முதல் வக்கீல் கட்டணம் வரை எல்லாவற்றுக்கும் உண்டு. வசூல் செய்யும் வேலை மாநிலங்களுக்கு. ஐஆர்எஸ் என்ற மத்திய வரித்துறை மூடப்படும்.

ஏழைகள் என்ன செய்வார்கள்? அதற்கும் மசோதாவில் ஒரு வழி உண்டு. ப்ரீபேட் என்று பெயர். வறுமைக் கோட்டு அளவுக்குச் செலவழித்தால் எவ்வளவு வரி வருமோ, அந்தத் தொகையை அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதா மாதம் முன்கூட்டியே கொடுத்துவிடும். 2023-இன் கணக்குப்படி தனியாக வாழும் ஒருவருக்கு வறுமைக் கோடு ஆண்டுக்கு 14,580 டாலர். அதில் 23 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 279 டாலர். கோடீஸ்வரனுக்கும் அது உண்டு, கூலித் தொழிலாளிக்கும் அது உண்டு.

யோசனை எங்கே பிறந்தது? 1990-களின் நடுவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில். மூன்று தொழிலதிபர்கள் சேர்ந்து பணம் போட்டு, பொருளாதார அறிஞர்களை அமர்த்தி, இந்தத் திட்டத்தை வடித்தெடுத்தார்கள். 2005-இல் லிண்டரும், வானொலிப் பேச்சாளர் நீல் பூர்ட்ஸும் இதைப் பற்றி எழுதிய நூல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வரியைப் பற்றிய புத்தகம் விற்பனையில் முதலிடம்! 2008 அதிபர் வேட்பாளர் போட்டியில் மைக் ஹக்கபி இதையே முழங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

ஏன் இந்த ஆரவாரம்? வருமான வரி வந்த கதையைப் பார்த்தால்தான் அது புரியும்.

அமெரிக்காவில் வருமான வரி முதலில் வந்தது உள்நாட்டுப் போருக்காக, 1861-இல். 800 டாலருக்கு மேல் சம்பாதித்தால் 3 சதவீதம். போர் முடிந்தது, 1872-இல் வரியும் போனது. 1894-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கடைசியில் அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டி வந்தது. 1913 பிப்ரவரியில் பதினாறாவது திருத்தம் ஒப்புதல் பெற்றது.

அந்த முதல் ஆண்டின் 1040 என்ற வரிப் படிவம் எவ்வளவு பெரியது தெரியுமா? மூன்று பக்கம். அதை எப்படி நிரப்புவது என்ற விளக்கம் ஒரு பக்கம். அவ்வளவே. தனிநபருக்கு 3,000 டாலர் வரை வரி இல்லை. அதற்கு மேல் 1 சதவீதம். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் பெருந்தனக்காரர்களுக்குக் கூடுதல் வரியும் சேர்த்து 7 சதவீதம். பெரும்பாலான குடும்பங்கள் அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பிறகு இரண்டு உலகப் போர்கள் வந்தன. 1918-இல் உச்ச விகிதம் 77 சதவீதம். 1944-இல் 94 சதவீதம். 1943-இல் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்ளும் முறை வந்தது. பணக்காரர்களின் வரி பாமரர்களின் வரியாயிற்று. மூன்று பக்கப் படிவம் விதிகள், விலக்குகள், சலுகைகள், சலுகைக்குள் சலுகைகள் என்று ஒரு பெருங்காடாக வளர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும், படிவம் கொடுக்கக் கடைசி நாளான ஏப்ரல் 15-க்கு முந்தைய வாரங்களில் கோடிக்கணக்கான குடும்பங்கள் சாப்பாட்டு மேசையில் ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்கின்றன. சட்டத்தின் சந்துபொந்துகளை அறிந்த வக்கீலை அமர்த்த வசதி உள்ளவன் தப்பிக்கிறான், மாதச் சம்பளக்காரன் மாட்டிக்கொள்கிறான். இந்தக் கோபம் நியாயமான கோபம். ஃபேர்டாக்ஸ்காரர்களின் பலமே இந்தக் கோபம்தான்.

அவர்கள் தரப்பில் வேறு நியாயங்களும் உண்டு. சேமிப்புக்கு வரி இல்லை என்றால் முதலீடு பெருகும். கள்ளக்கடத்தல்காரன் வருமானத்தை மறைக்கலாம், ஆனால் கார் வாங்கும்போது வரி கட்டியாக வேண்டும். சுற்றுலா வருகிற வெளிநாட்டவரும் கட்டுவார். ஏற்றுமதிப் பொருளின் மேல் வரி ஏறாது. இவற்றில் எதையும் கேலி செய்து தள்ளிவிட முடியாது.

அப்படியானால் தடை எங்கே? கணக்கில். முதல் தடை, அந்த 23 என்ற எண்ணிலேயே இருக்கிறது.

கடையில் ஒரு பொருள். வரி சேராத விலை 100 டாலர். ஃபேர்டாக்ஸ் வந்தால் பில் எவ்வளவு? 123 என்றுதான் எவரும் சொல்வார். ஆனால் பில் 130 டாலர்! எப்படி? வாடிக்கையாளர் கொடுக்கும் 130-இல் வரி 30. முப்பது என்பது நூற்றுமுப்பதில் 23 சதவீதம். வருமான வரியை இப்படித்தான் சொல்கிறோம், அதனால் விற்பனை வரியையும் இப்படியே சொல்கிறோம் என்பது அவர்கள் விளக்கம். ஒப்பிடுவதற்கு அது முறையான கணக்குதான், பொய் இல்லை. ஆனால் அமெரிக்க மாநிலங்களில் விற்பனை வரி விலைக்கு மேலே போட்டுக் கூட்டப்படுவது. மக்கள் பழகியிருப்பது அந்தக் கணக்குக்கு. அந்தக் கணக்கில் இது 30 சதவீத வரி.

சரி, 30 என்றே வைத்துக்கொள்வோம். அது போதுமா? 2005-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு வரிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தார். தலைவர் குடியரசுக் கட்சியின் கானி மேக், துணைத் தலைவர் ஜனநாயகக் கட்சியின் ஜான் புரோ. அந்தக் குழு தேசிய விற்பனை வரியை ஆராய்ந்தது. சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரியைத் தொடாமல் வருமான வரியை மட்டும் மாற்றுவதற்கே, விலைக்கு மேல் 34 சதவீதம் தேவைப்படும் என்று கணக்கிட்டது. அதுவும் ஏய்ப்பு குறைவாக இருந்தால். ஏய்ப்பு அதிகமானால் 49. ப்ரீபேட் கொடுக்க மட்டும் ஆண்டுக்கு 60,000 கோடி டாலராவது வேண்டும் என்றது. யோசனையைப் பரிந்துரைக்க மறுத்தது. வருமான வரியைக் குறைப்பதில் பேர் எடுத்த ஓர் அதிபர் அமைத்த குழு அது என்பதை மறக்க வேண்டாம்.

விகிதம் ஏறுவதை ஒரு மாநிலமே கண்முன் நடத்திக் காட்டியது. 2013, லூசியானா. ஆளுநர் பாபி ஜிண்டால், பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், மாநில வருமான வரியை ஒழித்து விற்பனை வரியை 4-லிருந்து 5.88 சதவீதமாக்குவேன் என்று அறிவித்தார். கணக்கர்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். 5.88 போதவில்லை, 6.25 வேண்டும் என்றது அடுத்த கணக்கு. வணிகர்கள் எதிர்த்தார்கள். ஏழைகளுக்காகப் பேசிய மதகுருமார்களும் எதிர்த்தார்கள். ஏப்ரல் மாதம் சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிய நாளிலேயே ஜிண்டால் திட்டத்தை ஒதுக்கி வைத்தார்.

தலையணையின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை புடைக்கும். அரசின் செலவு அப்படியே இருக்கும்போது ஒரு வரி போனால் இன்னொன்று புடைத்தே தீரும். சுமை போயிற்றா, இடம் மாறிற்றா?

இடம் மாறியது என்றால், யாரிடமிருந்து யாருக்கு? இரண்டு பேரை எடுத்துக்கொண்டு 2023-இன் விகிதங்களை வைத்துக் கணக்குப் போடுவோம். இருவரும் உதாரணத்துக்காக வந்தவர்கள்.

ஒருவர் செவிலியர். திருமணம் ஆகாதவர். ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர். எல்லாம் வாடகை, சாப்பாடு, கார், மருத்துவம் என்று செலவாகிவிடுகிறது. இன்றைய முறையில் அவர் வருமான வரியாக ஏறக்குறைய 5,460 டாலரும், சம்பளப் பிடித்தமாக 4,590 டாலரும் கட்டுகிறார். மொத்தம் சுமார் 10,050. ஃபேர்டாக்ஸில், கைக்கு வரும் 60,000-மும் கடைக்குப் போனால் அதில் வரி 13,800. ப்ரீபேட்டாக 3,350 டாலர் திரும்பி வரும். நிகரம் சுமார் 10,450. ஏறத்தாழ பழைய தொகைதான், சற்றே கூடுதல்.

மற்றவர் ஒரு பெரிய கம்பெனி நிர்வாகி. சம்பளம் ஒரு கோடி டாலர். ஆடம்பரமாகவே வாழ்ந்து பத்து லட்சம் டாலர் செலவழிக்கிறார் என்று வைப்போம். இன்றைய முறையில் அவர் கட்ட வேண்டிய வருமான வரி 35 லட்சம் டாலருக்கு மேல். ஃபேர்டாக்ஸில்? செலவழித்த பத்து லட்சத்தில் 2,30,000 டாலர். மீதி 90 லட்சத்துக்கு அந்த ஆண்டில் வரியே இல்லை.

செவிலியருக்குப் பெரிய மாற்றம் இல்லை. நிர்வாகிக்கு முப்பது லட்சத்துக்கு மேல் மிச்சம். அந்த முப்பது லட்சம் கஜானாவுக்கு எங்கிருந்து வரும்? விகிதம் 23-இலேயே நின்றால் பள்ளம் விழும். பள்ளத்தை நிரப்ப விகிதம் ஏறினால், ஏறுகிற ஒவ்வொரு சதவீதமும் முழுச் சம்பளத்தையும் செலவழிக்கிறவர் தலையில்தான் முதலில் விழும். மீதிப் பணத்தை நிர்வாகி என்றாவது செலவழிக்கும்போது வரி வரும் என்பார்கள். வரலாம். இருபது ஆண்டு கழித்து வரலாம், பேரப்பிள்ளை காலத்தில் வரலாம். அரசோ இந்த ஆண்டு படைவீரனுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு கூட்டத்தையும் நினைக்க வேண்டும். ஃபுளோரிடாவில் ஓய்வெடுக்கும் முதியவர். நாற்பது ஆண்டு வருமான வரி கட்டிவிட்டு மிச்சம் பிடித்து வைத்த பணம் அவருடையது. இனி அதைச் செலவழிக்கப் போகும்போது மறுபடியும் வரி. ஒரே பணத்துக்கு இரண்டு முறை. வருமான வரி ஒழிந்த பலன் அவருக்கு இல்லை, சம்பாதிக்கும் காலம் முடிந்துவிட்டது. விற்பனை வரியின் சுமை மட்டும் முழுதாக உண்டு.

அடுத்த தடை இன்னும் நெருக்கமானது. வரியை யார் வசூலிப்பது?

கடைக்காரர். அதுவும் கடைசிக் கடைக்காரர். நமது ஜிஎஸ்டியில் ஆலை, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரி வந்துவிடுகிறது. வாங்கியபோது கட்டியதை இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ள ஒவ்வொருவரும் பில் கேட்கிறார். ஒருவர் மறைத்தால் இன்னொருவர் கணக்கில் அது தெரியும். சில்லறை விற்பனை வரியில் இந்தச் சங்கிலி கிடையாது. ஆலையிலிருந்து கடை வரை வரியே இல்லாமல் வந்த பொருள், கடைசிக் கல்லாவில் முழு வரியையும் சுமக்கிறது. அந்த ஒரு கல்லாவில் பில் போடாவிட்டால் முழு வரியும் போச்சு. ‘பில் வேண்டாம் என்றால் விலை குறைச்சுத் தர்றேன்’ என்ற பேச்சைக் கேட்காத வாடிக்கையாளர் இந்த அரங்கில் எத்தனை பேர்? வரி 5 சதவீதமாக இருக்கும்போதே அந்தப் பேச்சு எழுகிறது. 30 சதவீதமானால்?

இதனால்தான் உலகில் பெரிய அளவில் நுகர்வு வரி வாங்கும் நாடுகள் சில்லறை வரியை நம்பாமல், ஜிஎஸ்டியைப்போலப் படிப்படியாக வசூலிக்கும் வாட் முறைக்குப் போயின. ஸ்வீடன் 1960-இல் 4 சதவீத விற்பனை வரியோடு தொடங்கியது. விகிதம் ஏற ஏறக் கட்டுப்படுத்துவது கடினமாகி, 1969-இல் வாட்டுக்கு மாறியது. நார்வே 1970-இல் மாறியது. ஃபேர்டாக்ஸ்காரர்களைப்போல அவர்கள் வருமான வரியை ஒழிக்கவும் கிளம்பவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

வரி வித்தியாசம் மனிதர்களை எப்படி நடக்க வைக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு பாலத்தில் போய் நின்றால் போதும். அமெரிக்காவின் வடமேற்கில் கொலம்பியா ஆறு. வட கரையில் வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரம். தென் கரையில் ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்ட். வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, விற்பனை வரி உண்டு. ஆரெகனில் வருமான வரி உண்டு, விற்பனை வரி இல்லை. வான்கூவர்வாசி என்ன செய்வார்? டிவி வாங்க வேண்டுமா, சோபா வாங்க வேண்டுமா, காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டுவார். தாண்டியதும் ஹேடன் தீவு, ஜான்ட்சன் பீச் என்ற கடைத்தொகுதி. அங்கே வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். வீட்டில் உபயோகிக்கும் பொருளுக்கு வாஷிங்டனுக்கு உபயோக வரி கட்ட வேண்டும் என்று சட்டம் உண்டு. சோபாவுக்காக அதைத் தேடிப்போய்க் கட்டுகிறவர் அபூர்வம். எட்டு ஒன்பது சதவீத வித்தியாசத்துக்கே இந்தப் பயணம்!

விற்பனை வரி எளிமையானது என்று சொல்கிறவர்கள் 1930-களின் கல்லாவையும் எட்டிப் பார்க்க வேண்டும். பெரும் பொருளாதார மந்தத்தில் வருமானம் வறண்ட மாநிலங்கள் ஒவ்வொன்றாக விற்பனை வரிக்கு வந்தன. மிசூரியில் வரி 1 சதவீதம். பத்து சென்ட் ரொட்டிக்கு வரி எவ்வளவு? ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னக் காசு அமெரிக்காவில் கிடையாது. ஆகவே மாநிலமே வரிக் காசு அடித்தது. 1935-இல் வந்த முதல் வரிக் காசு அட்டையால் ஆனது, பால் பாட்டில் மூடியைப்போல வட்டமாக இருந்தது. பிறகு துத்தநாகத்தில், பிளாஸ்டிக்கில் எல்லாம் வந்தது. இல்லத்தரசியின் சுருக்குப்பையில் நாணயத்தோடு நாணயமாக அந்த வட்டங்களும் கிடந்தன. ஒரு மாநிலக் காசு அடுத்த மாநிலத்தில் செல்லாது.

அதே காலத்தில், 1932-இல், மத்திய அரசும் முயன்று பார்த்தது. உற்பத்தியாளர் மட்டத்தில் 2.25 சதவீத விற்பனை வரி. இரு கட்சித் தலைமையும் ஆதரித்தது. நியூயார்க்கின் லகார்டியா போன்ற உறுப்பினர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். வேலையிழந்தவன் வாங்கும் சட்டைக்கு வரியா என்று கேட்டார்கள். தலைமை சொன்னதைச் சபை கேட்கவில்லை. வரி தோற்றது.

அந்தக் காலத்துப் பேச்சு வந்ததால் நம் மாகாணத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு முதன்முதலில் சட்டம் செய்தது சென்னை மாகாணம், 1939-இல், ராஜாஜி ஆட்சியில். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கி, கள்ளு சாராய வருமானம் குறையத் தொடங்கிய நிலையில் புதிய வருமானம் தேவைப்பட்டது. ஒரு வரியை விட்டுவிட்டு விற்பனை வரியைப் பிடித்துக்கொள்வது நமக்கும் தெரிந்த வித்தைதான்.

இப்போது மூன்றாவது தடை. எல்லாவற்றுக்கும் ஒரே வரி என்ற வாக்குறுதி நிற்குமா?

1993 மார்ச், ஆஸ்திரேலியா. எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹியூசன் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். 15 சதவீத ஜிஎஸ்டி கொண்டுவருவேன் என்று தேர்தலில் நிற்கிறார். தொலைக்காட்சியில் மைக் வில்லசி ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறார். கடையில் ஒரு பிறந்தநாள் கேக் வாங்கினால், உங்கள் வரியால் விலை ஏறுமா, இறங்குமா? ஹியூசன் ஆரம்பித்தார். அது எந்த மாதிரிக் கடை, கேக்கின் மேல் அலங்காரம் உண்டா, மெழுகுவத்தி உண்டா... பதில் நீண்டுகொண்டே போனது, கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. உணவுக்கு விலக்கு கொடுத்த இடத்தில்தான் அந்தச் சிக்கல் பிறந்தது. பத்து நாளில் தேர்தல் நடந்தது. வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தவர் தோற்றார்.

அமெரிக்காவிலேயே இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். இல்லினாய் மாநிலத்தில் 2009-இல் மிட்டாய்க்கு முழு வரி, உணவுக்குக் குறைந்த வரி என்று வைத்தார்கள். மிட்டாய் எது, உணவு எது? மாவு சேர்ந்தால் அது மிட்டாய் இல்லை என்றது விதி. கிட்கேட்டில் மாவு உண்டு, ஆகவே அது உணவு. ஹெர்ஷி சாக்லேட் கட்டியில் மாவு இல்லை, ஆகவே அது மிட்டாய். நியூயார்க்கில் பேகல் என்ற ரொட்டியை முழுதாக வாங்கிப்போனால் வரி இல்லை. கடைக்காரர் கத்தியால் இரண்டாக அறுத்துக் கொடுத்தால் அது தயாரித்த உணவு, வரி உண்டு.

ஃபேர்டாக்ஸ்காரர்கள் இதையெல்லாம் தெரிந்துதான் கல்வியைத் தவிர வேறு எந்தப் புதிய பொருளுக்கும் சேவைக்கும் விலக்கே கிடையாது என்கிறார்கள். அதுவே சரி. ஆனால் மருத்துவமனை பில்லில் 30 சதவீதம், குழந்தையின் பால் மாவில் 30 சதவீதம், வாடகையில் 30 சதவீதம் என்று வரும் நாளில் எந்த உறுப்பினர் தன் தொகுதிக்குப் போய் விலக்கு இல்லை என்பார்? ஒவ்வொரு விலக்கும் நுழையும்போது மீதிப் பொருள்களின் விகிதம் ஏறும். மூன்று பக்கத்தில் தொடங்கிய வருமான வரி காடாக வளர்ந்ததும் இப்படித்தானே? எளிமை போகிற இடமும் அதே இடம்தான்.

நான்காவது தடை அரசியல். கண்ணுக்குத் தெரியும் வரியை மக்கள் மன்னிப்பதில்லை. கனடாவில் உற்பத்தியாளர் மட்டத்தில் வரி ஒன்று பல காலம் இருந்தது, கடைசியில் அதன் விகிதம் 13.5 சதவீதம். விலைக்குள் ஒளிந்திருந்ததால் யாருக்கும் தெரியாது. பிரதமர் பிரையன் மல்ரோனி 1991 ஜனவரி முதல் தேதி அதை எடுத்துவிட்டு 7 சதவீத ஜிஎஸ்டி போட்டார். பொருளாதார நிபுணர்கள் மெச்சினார்கள். மக்களோ ஒவ்வொரு பில்லிலும் அந்த 7 சதவீதத்தைப் பார்த்தார்கள். 1993 தேர்தலில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்த இடங்கள் இரண்டு. வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இந்த வரியின் பங்கு சின்னது அல்ல.

கனடா இன்னொன்றும் சொல்லித் தருகிறது. ஏழைகளுக்கு அந்த வரியை ஈடுகட்ட அரசு ஒரு தொகை கொடுக்கிறது. அது யாருக்குச் சேர வேண்டும் என்று அரசுக்கு எப்படித் தெரியும்? வருமான வரி ரிட்டர்னைப் பார்த்துத்தான்! ஃபேர்டாக்ஸ் வருமானம் கேட்கப் போவதில்லை. ஆனால் குடும்பத்தில் எத்தனை பேர், பிள்ளை தாயோடு இருக்கிறதா தந்தையோடு இருக்கிறதா, இறந்தவர் பெயரில் பணம் போகிறதா என்று முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களை ஆண்டுதோறும் பதிவு செய்தாக வேண்டும். ஐஆர்எஸ் பலகையை இறக்கிவிடலாம். அந்த வேலையைச் செய்ய வேறு பலகை மாட்டத்தானே வேண்டும்?

ஐந்தாவது, அரசியல் சாசனம். பதினாறாவது திருத்தம் இருக்கும்வரை வருமான வரி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அப்புறம் இரண்டு வரியும் சேர்ந்து நிற்கும். அதை நீக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். ஏழு ஆண்டுக்குள் திருத்தம் நீங்காவிட்டால் விற்பனை வரி காலாவதியாகும் என்று மசோதாவே சொல்கிறது. அதாவது ஏழு ஆண்டு முழு நாட்டின் வரி முறையையும் புரட்டிப் போட்டுவிட்டு, எட்டாம் ஆண்டு மறுபடியும் புரட்ட வேண்டி வரலாம். எந்தத் தொழிலதிபர் அதை நம்பி ஆலை கட்டுவார்?

2023 ஜனவரியில் அமெரிக்க அரசியல் இதற்கு ஒரு பதில் சொன்னது. சபாநாயகர் பதவிக்காக கெவின் மெக்கார்த்தி தன் குடியரசுக் கட்சியின் தீவிரப் பிரிவுக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் இந்த மசோதாவை முன்னே கொண்டுவருவதும் ஒன்று என்று செய்தி வந்தது. அதிபர் பைடன் அதை மகிழ்ச்சியோடு பிடித்துக்கொண்டார், மசோதாவை எதிர்த்து மேடைக்கு மேடை முழங்கினார். வரிக் குறைப்பையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட குரோவர் நார்க்விஸ்ட்டே மசோதாவை எதிர்த்தார். அந்த மாதம் முடிவதற்குள் மெக்கார்த்தி, தனக்கு அதில் உடன்பாடு இல்லை என்றார்.

அப்படியானால் விவாதம் முடிந்ததா? தலைநகர் வாஷிங்டனில் ஆரவாரம் ஓய்ந்தது. மாநிலங்களில் ஓயவில்லை.

மிசிசிப்பிக்குப் போவோம். 1932-இல் ஆளுநர் கானர் 2 சதவீத விற்பனை வரி போட்டு மாநிலத்தைத் திவாலிலிருந்து காப்பாற்றிய ஊர் அது. அமெரிக்காவின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. 2025 மார்ச்சில் ஆளுநர் டேட் ரீவ்ஸ், வருமான வரியைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2030-க்குள் 3 சதவீதம், அதன் பிறகு மாநில வருவாய் வளர்ந்தால் மேலும் குறைப்பு. பெட்ரோல் வரி ஏறுகிறது. மளிகைப் பொருளின் வரியை மட்டும் 7-லிருந்து 5-ஆகக் குறைத்தார்கள்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு கிளைக்கதை உண்டு. வருவாய் நன்றாக வளர்ந்தால்தான் வரி குறைய வேண்டும் என்று செனட் விரும்பியது. குறைப்பின் செலவில் 85 சதவீதத்தை உபரி வருவாய் எட்ட வேண்டும் என்பது அவர்கள் நினைத்த நிபந்தனை. எழுதியபோது ஒரு புள்ளி தப்பான இடத்தில் விழுந்தது. 85 சதவீதம் 0.85 சதவீதம் ஆயிற்று. மெதுவாகப் போக விரும்பிய செனட், வேகமாகப் போகும் மசோதாவுக்குத் தெரியாமலே வாக்களித்துவிட்டது. விரைந்து ஒழிக்க ஆசைப்பட்ட கீழ்ச் சபை அந்தப் பிழையை அப்படியே வைத்து நிறைவேற்றியது. ஆளுநரும் கையெழுத்திட்டார்.

அவையோரே, வருமான வரியைச் சீர்திருத்த வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. விலக்குகளைக் குறைக்கலாம், படிவத்தைச் சுருக்கலாம், ஒழுங்கான விற்பனை வரியை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உலகின் பெரும்பாலான நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. ஒன்றை ஒழித்து மற்றொன்றின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றும்போதுதான் விகிதமும் ஏய்ப்பும் பங்கீடும் ஒரே சமயத்தில் சிக்கலாகின்றன. எங்கேனும் ஒருவர் இந்த யோசனையோடு மேடை ஏறினால் அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. வரி சேராத 100 ரூபாய்ப் பொருளுக்கு முழு பில் எவ்வளவு? சம்பளம் முழுதையும் செலவழிக்கிறவர் பழைய முறையைவிடக் கூட்டிக் கட்டுவாரா, குறைத்துக் கட்டுவாரா? கடைசிக் கடைக்காரர் பில் போடாவிட்டால் யாருக்குத் தெரியும்?

மிசிசிப்பியில் இந்தக் கேள்விகளுக்கான பதில் இனிமேல்தான் வரும். 2030-க்குப் பிறகு அந்த மாநிலம் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணத்தை எங்கிருந்து எடுக்கிறது, மளிகையின் 5 சதவீதம் அப்படியே நிற்கிறதா, திரும்ப ஏறுகிறதா என்று பொருளாதாரம் படிக்கும் இளைஞர்கள் ஆண்டுக்காண்டு அதன் வரவுசெலவு அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும்.